93 ஈ தடத்தின் ஆர்வலர்கள்

நாகர்கோவிலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஆன்றோவுக்கு நாற்பத்தாறு வயது. வருடத்துக்கு ஒருமுறை கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டு ஏதாவது ஒரு ஊருக்குப் போவார். அந்த ஊரில் கோயிலோ கடற்கரையோ இருந்தால் அதற்கு அவர் பொறுப்பில்லை. அவர் போவது பஸ் பார்க்க. ஏறி உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவார், இறங்கிப் படம் எடுப்பார், அதே பஸ்ஸில் திரும்புவார். மனைவி எல்சி முதல் இரண்டு வருடம் கூடவே வந்தாள். மதுரையில் நான்கு நாள் இருந்தும் பஸ் நிலையத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் திரும்பியபின், இனி வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

இவரைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் முன்னூறு பேராவது இருந்தார்கள். அவர்களுக்காக ஆன்றோ இணையத்தில் குறிப்புகள் எழுதிவந்தார். எந்த நிறுத்தத்தில் காலை வெயில் பஸ்ஸின் முகத்தில் விழும், எந்தத் தடத்தில் முன்சீட்டு கிடைக்கும், எங்கே இறங்கினால் நல்ல தேநீர் உண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். வடசென்னை மட்டும் எழுதப்படாமல் கிடந்தது. அதற்காகத்தான் இந்த வருடம் வந்தார்.

அவர் குறி வைத்தது 93 ஈ. எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து திருவொற்றியூர், காசிமேடு வழியாக ராயபுரம். வடகரை நகரப் பேருந்துக் கழகத்தின் கால அட்டவணைப்படி நாளுக்கு ஏழு நடை, முதல் நடை காலை 6.50. எண்ணூரின் புகைபோக்கிகள், கடலுக்குக் கொட்டிய பாறைகள், லாரி வரிசை, மீன்பிடித் துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் காட்டும் தடம் வேறு கிடையாது.

ஆறரைக்கே போய் நின்றார். நிறுத்தத்தில் பலகை இருந்தது, பலகையில் 93 ஈ என்று பெரிதாக எழுதியும் இருந்தது. ஏழாயிற்று. ஏழரை ஆயிற்று. கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டேயிருந்தன. காமிராவில் படிந்த சாம்பலை இரண்டு முறை துடைத்துவிட்டார்.

அப்போது எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் தன் புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் ரூத். புருஷன் சைமன் ஆறடிக்குக் குறையாத ஆள், ஆனால் வற்றிப்போயிருந்தார்.

"இன்னா சார், யார்க்கு நின்னுகினு கீற?" என்றாள் ரூத்.

"தொண்ணூத்தி மூணு ஈ."

"இங்க ஈ வரும், கொசு வரும். பஸ்ஸு வராது."

"அட்டவணையில இருக்கே?"

"கீது. ரெண்டு வருசமா அதுல மட்டும்தான் கீது. நானும் பதினோரு மனு போட்டுட்டேன். 'தங்கள் பகுதிக்கு நாள்தோறும் ஏழு நடைகள் இயக்கப்படுகின்றன, பயன்படுத்திப் பயனடையவும்'னு பதினோரு லெட்டர் வந்துச்சு. லெட்டரு கரீட்டா வருது சார், பஸ்ஸுதான் வர்ல."

சைமனுக்கு வாரம் மூன்று நாள் ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். போக ஷேர் ஆட்டோதான். பின்னால் மூன்று பேர், எதிரே மூன்று பேர், ஓட்டுநரின் இருபுறமும் இரண்டு பேர். அன்று வந்த ஆட்டோவுக்குள் சைமன் தன்னை மூன்றாக மடித்து நுழைத்துக்கொண்டார். திரும்பும்போது மயக்கமும் வாந்தியும் வரும் என்பதால் இரண்டு ஆட்டோக்காரர்கள் அவரை ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று ரூத் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவர்கள் மேல் கோபப்படவும் இல்லை.

ஆன்றோ நேரே பணிமனைக்குப் போனார். வாசலில் நின்ற ஒரு பஸ்ஸைப் பழக்க தோஷத்தில் படம் எடுத்தார். காவலாளி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நேரக்காப்பாளர் ரஷீதின் முன்னால் நிறுத்தினான்.

ரஷீது நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, படத்தை அழிக்கச் சொன்னார். "பஸ்ஸு கழகத்தோட சொத்து சார். அது எப்படி தெரியுதுங்கறதும் கழகத்தோட சொத்து. தலைமை அலுவலகத்துல தோற்றப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அங்க அனுமதி வாங்கினு வாங்க."

"சரி. இன்னிக்கு தொண்ணூத்தி மூணு ஈ ஏன் வரல?"

ரஷீது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "வந்துச்சே. ஆறு அம்பதுக்குக் கிளம்பியிருக்கு. ஒரு நிமிசம் தாமதமில்ல."

"நான் அங்கதானே நின்னேன்."

"நீங்க நின்னதுக்குப் பதிவு இருக்கா சார்?"

ஆன்றோவிடம் அப்படியொரு பதிவு இல்லை.

தோற்றப் பிரிவின் துணை மேலாளர் தங்கபுஷ்பம் அம்மையார் அவரை மூன்றரை மணி நேரம் காக்கவைத்தபின் அன்போடு வரவேற்றார். இருபது வருட அனுபவம் உள்ளவர். அவருடைய அறையில் பஸ்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒன்றில்கூட மனிதர்கள் இல்லை.

"பஸ்ஸுல ஏறுறதுக்கு யார் வேணாலும் வரலாம் சார், அது பொதுச் சேவை. பஸ்ஸைப் பாக்குறது அப்படி இல்லை. அதுக்கு ஒரு தகுதி வேணும்" என்று சொல்லி ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார்.

விண்ணப்பத்தில் பேருந்துக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு கேட்கப்பட்டிருந்தது. ஆர்வத்தின் தன்மை பரம்பரையா, தற்செயலா, இதரமா என்று கேட்கப்பட்டிருந்தது. பார்வை சரியாக இருப்பதாக ஒரு கண் பரிசோதகரின் சான்று வேண்டும். தான் கண் பரிசோதகர்தான் என்று ஆன்றோ சொன்னார். தன் கண்ணுக்குத் தானே சான்று தரமுடியாது என்று அம்மையார் விளக்கினார். ஆன்றோ வண்ணாரப்பேட்டைக்குப் போய், தன்னைவிடச் சின்னக் கடை வைத்திருந்த ஒருவரிடம் எழுத்துகளைப் படித்துக் காட்டி, சான்று வாங்கிவந்தார். அந்தச் சான்றில் முத்திரை தலைகீழாக விழுந்திருந்ததால் மறுநாள் மறுபடி போய்ப் படித்துக் காட்டினார். நன்னடத்தைச் சான்றுக்கு ஒரு நாள். எடுக்கும் படத்தில் பேருந்து மகிழ்ச்சியாகத் தோன்றும் என்ற உறுதிமொழிக்கு அரை நாள். லீவு வாரத்தில் நான்கு நாள் இப்படியே கரைந்தது.

நான்காம் நாள் மாலையில் அம்மையார் விண்ணப்பத்தை வாசித்தார். "93 ஈ-யா? நல்ல தேர்வு. எங்க கழகத்திலேயே சிறந்த தடம் அதுதான். ரெண்டு வருஷமா ஒரு விபத்து இல்லை. வழியில நின்னதா ஒரு தகவல் இல்லை. டீசல் சிக்கனத்துல முதலிடம். கண்டக்டர் மேல ஒரு புகார் கிடையாது. படிக்கட்டுல யாரும் தொங்குறதே இல்லை. மத்த தடமெல்லாம் இதைப் பார்த்துத்தான் கத்துக்கணும்."

"மேடம், அந்த பஸ் ஓடவே இல்லை."

"அதெல்லாம் இயக்கப் பிரிவு. நாங்க தோற்றப் பிரிவு." அனுமதியில் கையெழுத்திட்டு மற்றப் பிரிவுகளுக்கு நான்கு பிரதிகள் அனுப்பினார்.

அந்த நான்கு பிரதிகள் செய்ததை ரூத்தின் பதினோரு மனுக்கள் செய்யவில்லை. வியாழக்கிழமை காலை 6.50-க்குப் படம் எடுக்க அனுமதி அளிக்கப்பட்டிருக்கிறது. அந்நேரம் அங்கே பஸ் இல்லாவிட்டால் அனுமதி பொய்யாகிவிடும். தோற்றப் பிரிவின் கையெழுத்து பொய்யாகக்கூடாது. ஆகவே வியாழக்கிழமை 6.50-க்கு, கழுவித் துடைத்து, நெற்றியில் மாலை போட்டு, 93 ஈ எர்ணாவூர் வந்து நின்றது.

குடியிருப்பே கீழே இறங்கி ஓடிவந்தது. டிபன் டப்பாவும் கையுமாக ஐம்பது, அறுபது பேர். ரூத் சைமனை இழுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பரிசோதகர் படியில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"யாரும் ஏறக்கூடாது. இது படத்துக்கு வந்த வண்டி."

"ராயபுரத்துக்குத்தானே போவுது?" என்றாள் ரூத்.

"போகும். ஆனா படமாப் போகும்."

அனுமதியின் ஒன்பதாம் நிபந்தனைப்படி ஆர்வலர் உட்புறத்தைப் படம் எடுப்பதற்காகப் பயணம் செய்யலாம். உதவியாளர் கூடாது. ஆன்றோ தனக்குப் பதிலாக சைமனை ஏற்றச் சொன்னார். அனுமதியை மாற்றித் தரமுடியாது என்றும், ஆர்வலர் ஏறாவிட்டால் வண்டி அப்படியே பணிமனைக்குத் திரும்பும் என்றும் பரிசோதகர் சொன்னார். யாருக்குமே பயனில்லாமல் போகவேண்டாமே என்று ரூத்தே அவரை ஏறச் சொல்லிவிட்டாள்.

நாற்பத்தெட்டு சீட்டில் ஒன்றில் ஆன்றோ உட்கார்ந்தார். நினைத்திருந்தபடி புகைபோக்கிகள் வந்தன, பாறைகள் வந்தன, காசிமேட்டில் படகுகள் வந்தன. ஒரு படமும் எடுக்கவில்லை. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பஸ் பயணம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அன்று பிற்பகல் ரூத்தின் வீட்டைத் தேடிப் போனார். சைமன் கட்டிலில் படுத்திருந்தார். ஆன்றோ கையில் அந்த விண்ணப்பத்தின் அறுபது நகல்கள் இருந்தன.

"பயணிக்குத்தான் பஸ் கிடையாதும்மா. ஆர்வலருக்கு உண்டு. நீங்க எல்லாரும் ஆர்வலர் ஆயிடுங்க."

ரூத் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க கைல காமிரா ஏது சார்?"

"போன் போதும். ரூல்ஸ்ல போன் வேண்டாம்னு இல்லை."

அன்று சாயங்காலமும் மறுநாளும் ரூத்தின் கூடத்தில் உட்கார்ந்து ஆன்றோ எழுதினார். பக்கத்து வீட்டு மரியம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவர்களின் கண்களை ஆன்றோ தான் கொண்டுவந்திருந்த எழுத்து அட்டையை வைத்துச் சோதித்தார். மற்றவர்களின் கண்ணுக்கு அவருடைய சான்று செல்லும். ஆர்வத்தின் தன்மை என்ற இடத்தில் ரூத், "ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு எழுது" என்றாள். ஆன்றோ "இதரம், தீராதது" என்று எழுதினார்.

தோற்றப் பிரிவுக்கு அறுபது விண்ணப்பங்கள் மொத்தமாக வந்தது அதுதான் முதல் முறை. தங்கபுஷ்பம் அம்மையார் மகிழ்ந்துபோய், தினசரி அனுமதி வழங்கினார். ஆன்றோ நாகர்கோவிலுக்குத் திரும்பினார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் காலை 6.50-க்கு 93 ஈ வந்தது.

ரூத் அடிக்கடி போன் செய்து நடப்பதைச் சொன்னாள். ஒருவர் ஒரு நடைக்கு இரண்டு படமாவது எடுக்கவேண்டும். பரிசோதகர் டிக்கெட் கேட்பதில்லை, படத்தைக் காட்டச் சொல்கிறார். தூங்கிவிட்ட மரியத்துக்கு 'ஆர்வக் குறைவு' என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சைமனின் படம் ஆடிப்போயிருந்ததால் அவரை ஒரு நாள் நின்றுகொண்டே எடுக்கச் சொன்னார்கள்.

"அந்த ஆளு நிக்க முடியாதவருன்னு சொன்னா, 'அப்ப ஆர்வலர்னு எப்படி எழுதிக் குடுத்தீங்க'ன்றான் சார். ரொம்ப பேஜாரு பண்றாங்க" என்றாள் ரூத். பிறகு, "ஆனா அவரு காலை நீட்டிக்கினு உக்கார்ந்து போறாரு" என்றும் சொன்னாள்.

போவதற்குத்தான் பஸ். பகலில் திரும்புவதற்கு இல்லை. மற்ற ஆறு நடைகள் வழக்கம்போல் பதிவேட்டில் மட்டும் ஓடின.

நூறாவது நாளைக் கழகம் விழாவாகக் கொண்டாடியது. ஆன்றோவுக்குச் சிறப்பு விருந்தினர் அழைப்பும், ஒரு நாள் அனுமதிச் சீட்டும் வந்தன. எல்சி, "மறுபடியும் பஸ்ஸா" என்று மட்டும் கேட்டாள். கிளம்பி வந்தார்.

எர்ணாவூர் நிறுத்தத்தில் சின்னப் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் அம்மையார் பேசினார்.

"பேருந்தை வெறும் போக்குவரத்துக்கு மட்டுமே பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. இன்று எர்ணாவூர் மக்கள் அந்த நிலையைக் கடந்துவிட்டார்கள். எங்கும் போகவேண்டிய அவசியமில்லாமல், கலைக்காகவே தினமும் அதிகாலையில் எழுந்துவருகிறார்கள். எங்கள் கழகத்தின் நெடுநாள் கனவு, பயணிகள் இல்லாத பேருந்து. அந்தக் கனவை நீங்கள் நனவாக்கியிருக்கிறீர்கள்."

கைதட்டுவதற்கென்று பணிமனையிலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள்.

ரூத் எழுந்து ஒலிபெருக்கியிடம் போனாள். யாரும் அழைக்கவில்லை. "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மத்தியானம் ரெண்டு மணிக்கு ராயபுரத்துலேர்ந்து ஒரு வண்டி வுடுங்க. படம் கிடம் வேணாம். சும்மா பஸ்ஸா வுடுங்க, டிக்கெட் வாங்கினு வர்றோம்."

அம்மையார் சற்று யோசித்தார். "பயணிகள் தேவை இருக்கிறதா என்று ஆய்வு செய்யவேண்டும். அதை இப்போதே செய்துவிடலாம்" என்று சொல்லி, ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு அவரே பஸ்ஸில் ஏறினார். அறுபது பேரும் ஏறினார்கள். ஆன்றோ கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது.

அம்மையார் முன்சீட்டில் இருந்த மரியத்திடம் ஆரம்பித்தார். "நீங்கள் பயணியா, ஆர்வலரா?"

மரியம் புரியாமல் விழித்தாள். அம்மையார் பொறுமையாக விளக்கினார். "ஆர்வலர் என்றால், பயணிகள் தேவை இல்லை என்று எழுதுவேன். பயணி என்றால், ஆர்வலர் அனுமதியில் பயணம் செய்தது முறைகேடு. அனுமதி ரத்தாகும். உண்மையைச் சொன்னால் போதும்."

அறுபது பேரும் ரூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ரூத் சைமனைப் பார்த்தாள். ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சைமன், மடியில் இருந்த போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் பயணிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு போட்டோ எடுக்கத் தெரியாது, கையி நடுங்கும்" என்றார்.

"நானும் பயணிதான்" என்றாள் ரூத். அதற்கப்புறம் மரியம். அதற்கப்புறம் வரிசையாக எல்லோரும். அம்மையார் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். குறித்து முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். திருவொற்றியூருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. இரண்டு பக்கமும் லாரிகள்.

"அறுபது பேரும் இறங்கலாம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

இந்த யோசனையைக் கொடுத்தவர் ஆன்றோதான். இவர்களை இந்த நடுரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவர்தான். கையில் அனுமதிச் சீட்டு இருந்தது. அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். கண்ணாடிக்கடைக்காரர் என்பதால் அவருக்குப் பொடி எழுத்து பழக்கம். அவசரமாகப் படித்தார். பதினான்காம் நிபந்தனையில் விரலை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், என்னை இன்னும் கேக்கல. நான் ஆர்வலர்."

"சிறப்பு விருந்தினர். உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. நீங்கள் மட்டும் ராயபுரம் வரை போகலாம்."

"உட்புறப் படம் எடுத்துட்டிருக்கேன். பதினாலாம் நிபந்தனை. ஒரு படம் எடுத்து முடியுறவரைக்கும் அந்தப் படத்துல இருக்குற எதையும் இடம் மாத்தக்கூடாது. உங்க கையெழுத்து கீழ இருக்கு."

அம்மையார் சீட்டை வாங்கிப் படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். நூறு நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது.

"படம் எப்போது முடியும்?"

"வெளிச்சம் சரியில்லை. ராயபுரத்துல முடிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

ஆன்றோ காமிராவைக் கண்ணில் வைத்தார். வண்டி நகர்ந்தது. முக்கால் மணி நேரம் அவர் காமிராவைக் கீழே இறக்கவில்லை. கை மரத்துப்போனது. குழியில் வண்டி தூக்கிப்போட்டபோது புருவத்தில் இடித்து இரத்தம் கசிந்தது. அம்மையாரும் அந்தப் படத்துக்குள்தான் இருந்தார், அதனால் அவரும் அசையாமல் நின்றார். காசிமேடு தாண்டி, ராயபுரத்தில் வண்டி நின்று, சைமன் கடைசியாக இறங்கும்வரை படம் முடியவில்லை.

ரூத் ஆன்றோவைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, சைமனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனாள்.

ஆன்றோ அன்று ஊருக்குக் கிளம்பவில்லை. அடுத்த சிகிச்சை நாள் வரை தங்கி, காலையில் எர்ணாவூர் நிறுத்தத்துக்குப் போனார். பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரூத்தும் சைமனும் வந்ததும் அவர்களுக்காக உரக்க வாசித்தார்.

"பயணிகளின் ஊடுருவல் காரணமாக 93 ஈ தடத்தின் ஆர்வலர் சேவை நிறுத்தப்படுகிறது. இத்தடத்தின் வழக்கமான சேவை, நாள்தோறும் ஏழு நடை, எவ்விதத் தடையுமின்றித் தொடர்ந்து இயங்கும்."

"ஊடுருவல்னா இன்னா சார்?" என்று ரூத் கேட்டாள்.

"பஸ்ஸுல ஏர்றது" என்றார் சைமன்.

அவள் சிரிக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. ஓட்டுநர் சைமனைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசித்தது நன்றாகவே தெரிந்தது. ஆன்றோ முந்திக்கொண்டு கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே ஏறி, எதிர்ப் பலகையில் ஓரமாக உட்கார்ந்தார். ரூத் சைமனை ஏற்றினாள். கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் சைமன் பாதி மடிந்து நின்றார்.

"இங்க நீட்டுங்க" என்றார் ஆன்றோ.

"வேணாம் நைனா, உன் பேண்ட் கலீஜாய்டும்."

"பரவாயில்ல, நீட்டுங்க."

சைமன் தயங்கித் தயங்கி இரண்டு கால்களையும் அவர் மடியில் வைத்தார். காமிராப் பை இடைஞ்சலாக இருந்தது. ஆன்றோ அதைக் கழற்றிக் கீழே, எல்லோருடைய செருப்புகளுக்கும் நடுவே வைத்தார். இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். ஆட்டோ கிளம்பியது.